ஏட்டு நெல்லும் குதிர் நெல்லும்: பல்பொருள் தானிய ஒப்பந்தங்களின் பதிவேட்டு வரலாறு

முன்னுரை

தானிய வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விலையைப் பற்றியே எழுதுகின்றனர். விலைக்கு முந்தியதாகிய அளவையும், அதன்பின் வருவதாகிய பதிவும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகின்றன. இக்கட்டுரை அவ்விரண்டையும் மையத்திற்குக் கொண்டுவர முயல்கிறது.

இன்று வட அமெரிக்காவில் ஒரு சிற்றூரின் தானியக் கொள்முதல் நிலையம்கூடத் தன் ஒப்பந்தங்களைக் கணினி மென்பொருளில்தான் பேணுகிறது. ஓர் உழவர் ஒரே பருவத்தில் மக்காச்சோளம், சோயா மொச்சை, கோதுமை ஆகிய மூன்றையும் விற்க ஒப்புக்கொண்டிருப்பார். ஒன்றுக்கு விலை முன்னரே முடிவாகியிருக்கும்; மற்றொன்றுக்குச் சரக்கு வந்த பின்னரே விலை பேசப்படும்; மூன்றாவதற்கு விலையின் ஒரு பகுதி மட்டும் உறுதியாகியிருக்கும். அவர் கொண்டுவரும் ஒரு வண்டிச் சரக்கின் எடைச்சீட்டை இரண்டு மூன்று ஒப்பந்தங்களுக்குப் பிரித்து வரவு வைக்க வேண்டியிருக்கும். அளவையும் பொருளுக்குப் பொருள் வேறுபடும். அங்கு ஒரு புஷல் என்பது கோதுமைக்கும் சோயாவுக்கும் 60 பவுண்டு, மக்காச்சோளத்துக்கு 56, ஓட்சுக்கு 32. ஈரப்பதக் கழிவும் தரக் கழிவும் பொருள்தோறும் தனித்தனி. இத்தனையையும் ஒரே ஏட்டில் அடக்கி, நாள் முடிவில் நிலையத்தின் கொள்வினை கொடுப்பினை நிலையைப் பொருள்வாரியாகக் காட்டுவதே அம்மென்பொருளின் பணி.

இது கணினி யுகத்தின் புதுச் சிக்கல் என்று கருதுவோர் உளர். அக்கருத்து பொருந்தாது. பல பொருள்களை ஒரே ஒப்பந்தத்தில் கட்டுவதற்கு ஒரு பொது மதிப்பு வேண்டும். அப்பொது மதிப்பு வந்தவுடன் ஏடு பொருளிலிருந்து ஒரு படி விலகுகிறது. அந்த இடைவெளியில் நிற்பவர் அளப்பவர். கணக்கரின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்ட பின்னரும் அளப்பவரைப் பற்றிய கேள்வி பழைய இடத்திலேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்குத் தஞ்சை, சிகாகோ, தற்கால இந்தியா ஆகிய மூன்று களங்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று காட்டுவது நோக்கமன்று. ஒரே சிக்கலை மூன்று சமுதாயங்களும் எவ்வாறு எதிர்கொண்டன என்பதே இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

தஞ்சைக் கல்வெட்டுகளில் ஒப்பந்தம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் ஹூல்ச் பதிப்பிக்கத் தொடங்கியது 1891இல். அவற்றைச் சமய வரலாற்றுக்கும் கலை வரலாற்றுக்கும் பயன்படுத்திய அளவுக்கு ஒப்பந்த வரலாற்றுக்கு நாம் பயன்படுத்தவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

முதலாம் இராசராசன் காலத்து அக்கல்வெட்டுகளின்படி, ஊர்ச் சபைகள் பல கோயிலின் காசைப் பெற்றுக்கொண்டு, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு முக்குறுணி நெல் வட்டியாக அளக்க உடன்பட்டன. வேறு சில இடங்களில் வட்டி காசாகவே, காசொன்றுக்கு அரைக்கால் வீதம் குறிக்கப்படுகிறது. காசுக்கு இரு கலம் நெல் என்ற மதிப்பையும், கலத்துக்குப் பன்னிரு குறுணி என்ற வாய்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வீதம், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, என்பது புலப்படும். நெல்லுக்கும் அரிசிக்கும் ஐந்துக்கு இரண்டு என்ற மாற்று வீதமும் இடம்பெறுகிறது. நெய், பருப்பு, மிளகு, சீரகம் முதலியவற்றிற்கான செலவும் நெல்லாக மாற்றிக் கூறப்படுகிறது. பொருள்கள் பலவாயினும் கணக்கின் மொழி நெல்.

வாழைப்பழக் கணக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிள்ளையார்க்கு நாள்தோறும் 150 பழம் அமுது செய்விக்க 360 காசு தஞ்சை வணிகர்களிடம் வைக்கப்பட்டது. 360 காசுக்கு அரைக்கால் வீதம் வட்டி 45 காசு. 360 நாளுக்கு நாளொன்றுக்கு 150 என்றால் 54,000 பழம். ஆக, காசுக்கு 1,200 பழம். முதல், வட்டி, நாள், பழம் என்ற நான்கும் மீதமின்றி வகுபடும்படி இவ்வொப்பந்தத்தை அமைத்தவர் கைதேர்ந்த கணக்கர் என்பதில் ஐயமில்லை. வகுப்பில் இக்கல்வெட்டைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இதனை ஒரு கணிதப் பயிற்சியாகவே மாணவர்க்குக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆயினும் கணக்கின் துல்லியத்தினும் முதன்மையானது வேறொன்று உண்டு. நெல் எந்த மரக்காலால் அளக்கப்பட வேண்டும் என்பதும் கல்லில் பொறிக்கப்பட்டது. ஆடவல்லான் என்னும் பெயருடைய மரக்கால். அது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது. இறைவன் பெயரால் அளவையையும், அரசன் பெயரால் அதற்கு ஈடான அளவையையும் குறித்த பிறகே ஒப்பந்தம் நிறைவு பெறுகிறது. ஊர்தோறும் மரக்கால் வேறுபடும் காலத்தில், அளவையைக் குறிக்காத ஒப்பந்தம் பயனற்றது என்பதை எழுதியவர் அறிந்திருந்தனர்.

ஆனால் மரக்காலின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம். அளக்கும் கையைப் பொறிக்க இயலாது. தலைதட்டி அளப்பதற்கும் குவித்து அளப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழகத்துக் களத்துமேடுகள் நன்கறியும். முதல் மரக்காலை ஒன்று என்னாமல் 'லாபம்' என்று எண்ணித் தொடங்கும் வழக்கமும் அளவையைச் சுற்றி எழுந்ததே. கல்வெட்டு அளக்கப்பட வேண்டியதைச் சொல்கிறது, அளக்கப்பட்டதைச் சொல்வதில்லை. அது ஒப்பந்தம், பற்றுச்சீட்டு அன்று. சோழர் காலக் கோயில்களின் வருவாயைக் கல்வெட்டு எண்களைக் கூட்டியே கணக்கிடும் ஆய்வுகள் இவ்வேறுபாட்டைப் பல வேளைகளில் கடந்து சென்றுவிடுகின்றன.

சிகாகோ: மூட்டையிலிருந்து தரத்திற்கு

ஒப்பந்தத்திற்கும் சரக்கிற்கும் இடையிலான பிரிவை மிகத் தெளிவாகக் காட்டும் களம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிகாகோ. அங்கு நிகழ்ந்தவற்றை வில்லியம் குரோனன் 1991இல் வெளியிட்ட 'நேச்சர்ஸ் மெட்ரோபோலிஸ்' என்னும் நூல் விரிவாக ஆராய்கிறது.

இரயில் பரவுவதற்கு முன் அமெரிக்க மேற்குப் பகுதியின் தானியம் மூட்டையில் பயணம் செய்தது. மூட்டை யாருடையதோ, அது விற்கும்வரை அவருடையதே. ஆற்றில் மூழ்கினால் நட்டமும் அவருக்கே. 1840களின் தொடக்கத்தில் பஃபலோ நகரில் ஜோசப் டார்ட் நீராவியால் இயங்கும் உயர்களஞ்சியத்தை அமைத்தார். பட்டையில் கோத்த வாளிகள் கப்பலிலிருந்து தானியத்தை மொண்டு உயர்ந்த குதிர்களில் கொட்டின. எலிவேட்டர் எனப்பட்ட இக்களஞ்சியங்கள் விரைவில் சிகாகோவிலும் எழுந்தன. அவற்றின் வேகத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் தானியத்தை மூட்டையிலிருந்து அவிழ்த்து நீர்போல் பாய விட வேண்டும். ஒருவர் தானியம் மற்றவர் தானியத்தோடு கலந்தாக வேண்டும்.

கலந்த பின் யாருடையது எது? இக்கேள்விக்கு விடையாகத் தோன்றியதே தரப் பிரிவு. 1848இல் நிறுவப்பெற்ற சிகாகோ வணிக வாரியம் 1856இல் கோதுமையை வெண் குளிர்காலக் கோதுமை, செங் குளிர்காலக் கோதுமை, வசந்தக் கோதுமை என மூன்றாகப் பகுத்தது. பின்னர் அவற்றுள் உட்பிரிவுகளும், பிற தானியங்களுக்குத் தனித் தரங்களும் வந்தன. அதே பத்தாண்டில் புஷல் என்பது கொள்ளளவிலிருந்து எடைக்கு மாறியது. உழவர் இன்ன தரத்தில் இத்தனை புஷல் கொடுத்தார் என்று கிடங்குச் சீட்டு சொல்லும். சீட்டைக் கொண்டுவருபவர் அதே தரத்தில் அத்தனை புஷல் பெறுவார். அவர் பெறுவது யார் வயலில் விளைந்தது என்பது பொருளற்றதாயிற்று. சீட்டு கைமாறியது; தானியம் குதிரிலேயே கிடந்தது.

இதற்கிடையில் இனி வரப்போகும் சரக்கிற்கான ஒப்பந்தமும் வழக்கத்திற்கு வந்தது. 1851 மார்ச் 13இல், ஜூன் மாதத்தில் ஒப்படைக்க வேண்டிய 3,000 புஷல் மக்காச்சோளத்துக்கு எழுதப்பட்ட ஒப்பந்தம் அங்குப் பதிவான முன்பேரங்களுள் மிகப் பழையது எனக் குறிக்கப்படுகிறது. 1865இல் வாரியம் முன்பேர வணிகத்திற்கு வைப்புத்தொகை, ஒப்படைப்பு ஆகியவை பற்றிய விதிகளை வகுத்தது.

தரம் பிரிக்கப்பட்டதால் ஒரு புதிய வாய்ப்பும் பிறந்தது. ஒரு தரத்தின் கீழெல்லைக்குச் சற்று மேலே நிற்கும் சரக்கும், மேலெல்லையைத் தொட்டு நிற்கும் சரக்கும் சீட்டில் ஒன்றே. ஆகவே மேலான சரக்கில் தாழ்ந்ததைக் கலந்து கீழெல்லைவரை இறக்கினாலும் ஏடு மாறாது. ஆதாயம் மட்டும் களஞ்சிய உரிமையாளரைச் சேரும். இல்லினாய் உழவர்களின் கசப்புக்கு இது ஒரு காரணம். வாங்கும்போது இறக்கித் தரமிட்டு, விற்கும்போது ஏற்றித் தரமிடுகிறார்கள் என்பது அவர்களின் முறையீடு.

1872இல் வெடித்த மன் - ஸ்காட் நிறுவனத்தின் வழக்கு இதனினும் கடுமையானது. சிகாகோவின் பெரிய களஞ்சிய நிறுவனங்களுள் ஒன்றாகிய அது, குதிரில் இல்லாத தானியத்துக்குச் சீட்டு வழங்கியிருந்தது. ஆய்வாளர்கள் வந்தபோது குதிர்களின் மேற்புறத்தில் பலகை பரப்பி, அதன்மேல் தானியத்தைக் கொட்டி நிறைகுதிராகக் காட்டினர். மேலிருந்து பார்த்தவர் நிறைவைக் கண்டனர். சீட்டுக் கணக்கும் நிறைவாகவே இருந்தது. இடையே இருந்தது வெற்றிடம். நிறுவனம் நொடித்தது; அதன் உரிமையாளர் இருவரும் வாரியத்திலிருந்து நீக்கப்பட்டனர்.

அந்த மன் என்பவரின் பெயரே அமெரிக்கச் சட்ட வரலாற்றில் நிலைத்துவிட்டது விந்தை. களஞ்சியங்கள் உரிமம் பெற வேண்டும், கட்டணத்திற்கு உச்சவரம்பு வேண்டும் என்று இல்லினாய் மாநிலம் 1871இல் இயற்றிய சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கில், 1877இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பொதுநலனோடு பிணைந்த தனியார் தொழிலை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்ற கோட்பாடு 'மன் எதிர் இல்லினாய்' வழக்கின் வழியே நிலைபெற்றது. எடையிடுவதும் தரமிடுவதும் களஞ்சிய உரிமையாளரின் தனி உரிமையாக இருக்கலாகாது என்பதே அச்சட்டங்களுக்குப் பின்னிருந்த உழவர் இயக்கத்தின் நெடுநாள் கோரிக்கை. விலையைப் பற்றி அவர்கள் பேசாமலில்லை. ஆனால் தராசைப் பற்றித்தான் அதிகம் பேசினர்.

இந்தியா: திரையில் ஓடிய சரக்கு

இந்தியாவில் முன்பேர வணிகத்தின் தொடக்க வரலாறு நன்கு அறியப்பட்டதே, சுருங்கக் கூறலாம். 1875இல் பம்பாயில் பருத்திக்கும், 1900இல் குஜராத்தி வியாபாரி மண்டலி வழியாக எண்ணெய் வித்துக்களுக்கும், 1913இல் ஹாப்பூரில் கோதுமைக்கும் அமைப்புமுறையான சந்தைகள் தோன்றின. 1952இல் முன்பேர ஒப்பந்தங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1960களில் பெரும்பாலான பொருள்களில் முன்பேரம் தடைசெய்யப்பட்டது. 2003இல் தடை விலகியதும் நாடு தழுவிய மின்னணுச் சந்தைகள் எழுந்தன. அவற்றுள் ஒன்று 'மல்டி கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச்' எனப் பல்பொருள் என்பதையே தன் பெயராகக் கொண்டது. 2007இல் துவரை, உளுந்து, அரிசி, கோதுமை ஆகியவற்றில் முன்பேரம் மீண்டும் நிறுத்தப்பட்டதையும் இங்கு நினைவிற் கொள்ளலாம்.

இதே காலத்தில் இருவேறு முயற்சிகள் கணினியைத் தானியத்தோடு இணைத்தன. அவை அளப்பவரை அணுகிய விதம் வேறு வேறு.

முதலாவது, ஐ.டி.சி. நிறுவனம் 2000இல் மத்தியப் பிரதேசத்தில் சோயாவுக்காகத் தொடங்கிய 'இ-சௌபால்'. சிற்றூர்ச் சாவடி என்னும் பொருளுடைய பெயர் அது. ஊரில் ஓர் உழவர் வீட்டில் கணினி வைக்கப்பட்டு, அவரே சஞ்சாலக் எனப்படும் நடத்துநராகச் செயற்பட்டார். விலை திரையில் தெரிந்தது என்பதையே பலரும் பாராட்டினர். என் பார்வையில், நிறுவனத்தின் கொள்முதல் நிலையத்தில் மின்னணு எடைமேடை வைக்கப்பட்டமை அதற்குக் குறைந்ததன்று. சந்தைக் கூடத்தில் கைத்தராசில் பகுதி பகுதியாக நிறுக்கும்போது ஏற்பட்ட இழப்பு, வண்டியோடு நிறுத்ததால் குறைந்தது. திரை மட்டும் வந்து எடைமேடை வராமலிருந்தால் உழவர் மனம் அத்திட்டத்தின்பால் எந்த அளவுக்குச் சென்றிருக்கும் என்பது ஐயமே.

இரண்டாவது, நேஷனல் ஸ்பாட் எக்ஸ்சேஞ்ச் எனப்பட்ட உடனடிச் சந்தை. சந்தைகளுக்கான மென்பொருள் உருவாக்குவதில் முன்னணியில் இருந்த ஃபைனான்சியல் டெக்னாலஜீஸ் நிறுவனம் இதனை நிறுவியது. 2008 அக்டோபரில் வணிகம் தொடங்கியது. ஒரு நாள் முன்பேரங்களுக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து 2007 ஜூனில் அரசு விலக்கு அளித்திருந்தது. இச்சந்தையில் இணை ஒப்பந்தங்கள் என்ற ஒரு வகை பெருகியது. முதலீட்டாளர் ஒருவர் இரண்டு நாளில் தீர வேண்டிய ஒப்பந்தத்தில் சரக்கை வாங்குவார். அதே கணத்தில் இருபத்தைந்து நாளில் தீர வேண்டிய ஒப்பந்தத்தில் அதே சரக்கைக் கூடுதல் விலைக்கு விற்பார். இரண்டு விலைக்கும் இடையிலான வேறுபாடு அவரது வருமானம். பெயர் வணிகம், உள்ளீடு வட்டிக் கடன். நெல், சர்க்கரை, ஆமணக்கு, கம்பளி, எஃகு எனப் பொருள்கள் பல. ஆனால் முதலீட்டாளர்களுட் பலருக்கு அவற்றிடையே வேறுபாடே இல்லை. தஞ்சைக் கணக்கில் பொருள்கள் யாவும் நெல்லாக மாறின. இங்கு நெல்லும் எஃகும் நாள் கணக்கிலான வட்டி வீதமாக மாறின.

2013 ஜூலை 31இல் சந்தை பெரும்பாலான ஒப்பந்தங்களை நிறுத்தியது. ஏறத்தாழ 13,000 முதலீட்டாளர்களுக்குச் சேர வேண்டிய சுமார் 5,600 கோடி ரூபாய் நிலுவையில் நின்றது. கொடுக்க வேண்டியவர்கள் 24 நிறுவனங்கள். கிடங்குகளைச் சென்று பார்த்தபோது, ஏடு காட்டிய சரக்கு பல இடங்களில் இல்லை என்பது வெளிப்பட்டது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. இரு நிறுவனங்களையும் ஒன்றாக இணைக்க அரசு இட்ட ஆணையை 2019இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. முன்பேரச் சந்தைக் குழுமம் 2015இல் பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியமாகிய செபியோடு இணைக்கப்பட்டது.

யார் எவ்வளவு குற்றவாளி என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் நோக்கிற்குரியது, மென்பொருள் தன் பணியில் தவறவில்லை என்பதே. வாங்கியவரும் விற்றவரும், தேதியும் தொகையும், பொருளும் கிடங்கும் திரையில் ஒன்றோடொன்று பொருந்தின. சிகாகோவில் பலகை பரப்பிக் குதிரை நிறைத்துக் காட்டியவர்கள் ஆய்வாளர் வரும் நாளை எதிர்பார்த்தாவது அவ்வாறு செய்தனர். திரையைக் கண்ட முதலீட்டாளரோ கிடங்கின் படிக்கட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே இழந்திருந்தார்.

இதனை உணர்ந்தே பிற்காலச் சீர்திருத்தங்கள் கிடங்கை நோக்கித் திரும்பின. 2007இல் இயற்றப்பட்டு 2010இல் நடைமுறைக்கு வந்த கிடங்குச் சட்டத்தின்கீழ், மின்னணுக் கிடங்குச் சீட்டு 2017இல் அறிமுகமாயிற்று. 2016இல் தொடங்கிய இ-நாம் என்னும் தேசிய வேளாண் சந்தைத் திட்டத்தில் தர ஆய்வும் ஓர் உறுப்பாக வைக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டு ஒப்பந்தப் பண்ணையச் சட்டத்திலும், மூன்றாம் தரப்பினராகிய தர மதிப்பீட்டாளர் சான்றளிக்கலாம் என்ற பிரிவு இருந்தது. அச்சட்டம் குறித்த விவாதம் குறைந்தபட்ச ஆதார விலையையும், வழக்கை நீதிமன்றத்திற்குப் பதிலாகக் கோட்ட அலுவலரிடம் கொண்டுசெல்வதையும் சுற்றியே அமைந்தது. தர மதிப்பீட்டாளரை யார் அமர்த்துவார், யார் அவருக்கு ஊதியம் தருவார் என்ற கேள்வி போதிய கவனம் பெறாமலேயே 2021இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

டெல்டாவின் ஈரப்பதமானி

இராசராசன் கல்வெட்டு நிற்கும் தஞ்சை மாவட்டத்திலேயே இன்றும் நெல் அளக்கப்படுகிறது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் உழவர் இணையவழிப் பதிவு செய்கிறார். பணம் வங்கிக் கணக்கில் வரவாகிறது. நெல் சன்ன ரகம், பொது ரகம் எனப் பிரிக்கப்பட்டு, 40 கிலோ சிப்பமாக நிறுக்கப்படுகிறது. அதற்கு முன் ஒரு சிறு கருவி ஒரு பிடி நெல்லை வாங்கி ஓர் எண்ணைக் காட்டுகிறது. ஈரப்பதம் நூற்றுக்கு 17 என்பது நடுவண் அரசு வகுத்த உச்சவரம்பு. குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாக வரும் ஆண்டுகளில் இவ்வெண்ணே ஊரின் பேச்சாகிவிடும். சாலையோரத்தில் குவித்துத் தார்ப்பாய் மூடிய நெல்லை வெயில் கண்ட நேரத்தில் விரித்தும் மழை கண்ட நேரத்தில் கூட்டியும் உழவர் நாள்கணக்கில் காத்திருப்பர். மாநில அரசு தளர்வு கேட்டு எழுதும். நடுவண் குழு வந்து மாதிரி எடுத்துச் செல்லும். 2022 அக்டோபரில் அவ்வரம்பு 19ஆக உயர்த்தப்பட்டது.

கழகத்தின் கணினியில் அந்த ஆண்டின் கொள்முதல் முழுவதும் ஈரப்பத வரம்பிற்கு உட்பட்ட நெல்லாகவே பதிவாகியிருக்கும். 17க்கும் 19க்கும் இடையில் நின்ற நெல், ஆணை வருவதற்கு முதல்நாள்வரை அந்த ஏட்டில் இடம்பெறாத நெல். பிற்கால ஆய்வாளர் ஒருவர் அப்பதிவை எடுத்து அவ்வாண்டின் விளைச்சலை மதிப்பிட முற்படுவாரானால், நிலையத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட சுமைகளையும், குறைந்த விலைக்குத் தனி வணிகரிடம் போன மூட்டைகளையும் அவர் வேறிடத்தில்தான் தேட வேண்டியிருக்கும்.